சில்லறை வரலாறு – 9: இருபத்தோராவது எட்டணா

2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் ஐம்பது பைசாவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மொத்தம் பத்து ரூபாய் வரைதான் அதைக் கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம். ஆக, இருபது நாணயம் செல்லும். இருபத்தோராவதை நீட்டினால் வாங்கியே தீரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களுக்கு வரம்பு ஆயிரம் ரூபாய்.

சட்டப் புத்தகத்தின்படி எட்டணா உயிரோடுதான் இருக்கிறது. மளிகைக் கடையில் ஒன்றே ஒன்றை நீட்டிப் பாருங்கள். "இதெல்லாம் இப்ப யாருண்ணே வாங்குறா?" என்பார் கடைக்காரர். சில பெட்டிக்கடைகளில் பேச்சே இருக்காது. கல்லாவிலிருந்து கண்ணை எடுக்காமல் விரல் நுனியால் நம் பக்கம் திருப்பித் தள்ளிவிடுவார்கள்.

சென்ற இதழ்களில் வராகனும் பணமும் காசும் போன கதையைப் பார்த்தோம். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று சென்னையில் கும்பினியார் போட்ட கணக்கு 1818-ல் ரூபாய்க்கு வழிவிட்டது. அவற்றையெல்லாம் அரசாங்கம் உத்தரவு போட்டு ஒழித்தது. பைசாவின் கதை அப்படியில்லை. சில்லறைக்கு இரண்டு சாவு உண்டு: முதலில் கல்லாவில், பிறகு கெஜட்டில். இரண்டுக்கும் இடையில் பத்து வருஷம்கூட ஓடிவிடும். அந்த இடைவெளிதான் இந்த இதழின் விஷயம்.

அணாக் கணக்கை வேகமாகத் தாண்டிவிடலாம். 1835-க்குப் பிறகு கும்பினி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு காலணா அல்லது 12 தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி என்ற இந்தக் கணக்கு பள்ளிப் பிள்ளைகளை ஒன்றேகால் நூற்றாண்டு வாட்டியது. ஆனால் மூன்றாகவும் நான்காகவும் பங்கு போட வசதியான கணக்கு அது. தம்பிடியைக் கடைசியாக அச்சிட்டது 1942-ல். அதற்கு முன்பே அதைக் கொடுத்து வாங்க எதுவும் மிஞ்சவில்லை.

நின்று பார்க்கவேண்டியது அடுத்த வருஷம் வந்த நாணயம்: ஓட்டைக் காலணா. யுத்தக் காலம். செம்பு தோட்டாவுக்கும் ஷெல்லுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் சில்லறையைப் பதுக்கினார்கள். கடைகளில் மீதி கொடுக்க வழியில்லை. மேற்கே கத்தியவார் பக்கம் சில சமஸ்தானங்கள் நாணயத்துக்குப் பதில் அட்டைக் கூப்பன்களை அச்சிட்டுவிட்டன. பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் வேறு வழி கண்டது. காலணாவைச் சிறியதாக்கி நடுவில் பெரிய துளை போட்டது. ராஜாவின் தலைக்கு இடமே இல்லாமல் போய், ஒரு கிரீடம் மட்டும் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. பழைய காலணாவின் எடையில் பாதிகூட இல்லை. 1943 முதல் 1947 வரை இதுதான் அச்சானது. குழந்தைகள் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டதையும், மாட்டுவண்டிக்காரர்களும் மெக்கானிக்குகளும் வாஷராகப் போட்டுக்கொண்டதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு காசு காசாக இருப்பதைவிட வாஷராக இருந்தால் அதிகம் உதவும் என்ற நிலை வருவது நல்ல சகுனம் அல்ல. பின்னால் இது மறுபடி வரும்.

சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் ராஜா போய் அசோகச் சிங்கம் வந்தது. காலணாவில் குதிரை, அரையணா முதல் இரண்டணா வரை காளை, அதற்கு மேல் கோதுமைக் கதிர். கணக்கு மட்டும் அதே 16, 4, 12.

தசமக் கணக்குக்கான சட்டத் திருத்தம் 1955-ல் நிறைவேறியபோது நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். நாணயங்கள் கைக்கு வந்த 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த நாற்காலியில் இருந்தவர் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இலங்கைக்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரிந்திருக்காது. அவர்கள் 1872 முதலே ரூபாய்க்கு நூறு சதம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் சதம் புழங்க ஆரம்பித்து எண்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் ராமநாதபுரத்தில் நயா பைசா வந்தது.

வந்த அன்றே தகராறும் வந்தது. ஒரு அணா என்பது சரியாக 6¼ நயா பைசா. கால் பைசா என்று நாணயம் கிடையாது. எனவே அரசு ஒரு மாற்று அட்டவணை வெளியிட்டது: ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. கூட்டிப் பாருங்கள். நான்கு தடவை ஓரணாச் சாமான் வாங்கினால் 24 நயா பைசா. ஒரே தடவையில் நாலணாவுக்கு வாங்கினால் 25. வாங்குகிறவன் பிரித்து வாங்கினால் லாபம். விற்கிறவன் சேர்த்து விற்றால் லாபம். இரண்டு பக்கமும் இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகியிருக்காது. அரசாங்கமும் சளைக்கவில்லை. அன்றைய தினம் வெளியான தபால்தலை வரிசையில் 13 நயா பைசா என்று ஒன்று உண்டு. இரண்டணாவுக்கு நேரான 12½-ஐ அட்டவணை கீழே தள்ளுகிறது. தபால்தலையின் எண் மேலே நிற்கிறது.

பதினாறில் எது நூறுக்குள் மிச்சமில்லாமல் உட்கார்ந்ததோ அது மட்டும் பிழைத்தது. நாலணா 25, எட்டணா 50. ஓரணாவும் இரண்டணாவும் ஒரு தலைமுறைக்குள் பேச்சிலிருந்து மறைந்துவிட, நாலணாவையும் எட்டணாவையும் அணாவையே பார்க்காத பிள்ளைகள்கூட வாய் நிறையச் சொன்னார்கள்.

புது நாணயங்களில் தமிழ் கிடையாது. இந்தியாவின் பெயர் மட்டும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ரூபாயின் நூறில் ஒரு பாகம், பத்தில் ஒரு பாகம் என்ற விளக்கம் இந்தியில் மட்டும். ரூபாய் நோட்டில் இடம்பெற்ற மொழிகளுக்கு நாணயத்தில் இடமில்லை. ஆனாலும் யாரும் தடுமாறவில்லை, காரணம் வடிவம். ஒரு பைசா வட்டம். இரண்டு பைசாவின் விளிம்பு பூ இதழ் போல் வளைந்து வளைந்து போகும். ஐந்து பைசா மூலை மழுங்கிய சதுரம். பத்து பைசா மறுபடி இதழ் விளிம்பு, ஆனால் பெரியது. 1964-ல் வந்த மூன்று பைசா அறுகோணம். சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தடவியே கணக்கை முடித்துவிடலாம். பார்வையற்றவர்கள் முதல் எழுத்தறியாதவர்கள் வரை எல்லாருக்கும் ஒத்துவந்த இந்த ஏற்பாடு, இந்திய நாணயசாலைகள் செய்த காரியங்களிலேயே ஆகச் சிறந்தது என்பேன். இன்றைய ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தடுமாறுகிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

1964 ஜூன் 1-ஆம் தேதி 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆனது. அத்தோடு எடையும் உதிர ஆரம்பித்தது. இங்கேதான் நாணயத்தின் நிஜமான எதிரி வருகிறது: உலோகத்தின் விலை.

ஒரு பைசா 1957-ல் ஒன்றரை கிராம் வெண்கலம். 1965-ல் முக்கால் கிராம் அலுமினியம், வட்டமும் போய்ச் சதுரம். ஐந்து பைசா நாலு கிராம் செம்பு-நிக்கல் கலவையாகப் பிறந்து, 1967-ல் ஒன்றரை கிராம் அலுமினியம் ஆனது. பத்து பைசா ஐந்து கிராமிலிருந்து, இடையில் ஒரு பித்தளை அவதாரம் எடுத்து, 1971-ல் 2.3 கிராமுக்கு வந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டிய செம்பும் நிக்கலும் ஒரே நாளில் அந்த அளவுக்கு விலை ஏறின. நாணயத்தின் முகத்தில் உள்ள எண்ணைவிட உள்ளே இருக்கும் உலோகம் அதிகம் பெறும் என்றால், அதை யாரும் செலவழிக்கமாட்டார்கள், உருக்குவார்கள். 1971-ல் சிறு நாணயங்களை உருக்குவதையும் பதுக்குவதையும் குற்றமாக்கத் தனிச் சட்டமே போடவேண்டிவந்தது.

அலுமினியக் காசைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்த எடையின்மை மறக்காது. தண்ணீரில் மெதுவாக, படுக்கைவசமாக வைத்தால் ஒரு பைசா மிதக்கும். தரையில் விழுந்தால் சத்தமே வராது. பழகப் பழகப் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும். காசுக்கு உரிய மரியாதை கையிலேயே பாதி போயிற்று. அதே சமயம் அரசாங்கம் அவற்றின்மேல் உபதேசம் பொறிக்க ஆரம்பித்தது. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனத்துக்காக வெளியான வரிசை அது. 1974-ன் பத்து பைசாவில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் அடங்கிய அளவான குடும்பம். 1977-ன் ஐந்து பைசாவில் வளர்ச்சிக்காகச் சேமியுங்கள் என்ற வாசகம். ஐந்து பைசாவைச் சேமித்து யார் எதை வளர்த்தார்களோ தெரியாது.

1988-ல் கடைசி முயற்சியாக எவர்சில்வர் காசுகள் வந்தன. பத்து பைசா 16 மில்லிமீட்டர் வட்டமாகச் சுருங்கியது. இருபத்தைந்து பைசாவில் காண்டாமிருகம், ஐம்பது பைசாவில் இந்திய வரைபடத்தோடு நாடாளுமன்றம். நாணயம் திடமாகத்தான் இருந்தது. அதைக் கொடுத்து வாங்கக் கடையில்தான் எதுவும் இல்லை. ஐந்து பைசா 1994 வரை, பத்து பைசா 1998 வரை, காண்டாமிருகம் 2002 வரை அச்சாயின.

அதற்குள் கல்லா தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. நாலணா மீதி தரவேண்டிய இடத்தில் ஒரு மிட்டாய் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் பென்சிலை எடுத்து டிக்கெட்டின் முதுகில் பாக்கியைக் குறித்துக் கொடுத்துவிட்டு, "இறங்கும்போது வாங்கிக்குங்க" என்று நகர்ந்துவிடுவார். இறங்கும் கூட்டத்தில் இருபத்தைந்து பைசாவுக்காக அவரைத் தேடுகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கூச்சம் ஒரு பக்கம். பின்னால் நிற்கிறவர்களின் முனகல் இன்னொரு பக்கம். நாணயத்தைக் கொன்றதில் இந்தக் கூச்சத்துக்கு இருக்கும் பங்கைப் பொருளாதார நிபுணர்கள் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

2007-ல் இன்னொரு செய்தி வந்தது. இந்திய நாணயங்களை வங்கதேசத்துக்குக் கடத்தி, உருக்கி, சவர பிளேடு செய்கிறார்களாம். ஒரு ரூபாய் நாணயத்திலிருந்து ஐந்து முதல் ஏழு பிளேடுகள் வரும் என்று பி.பி.சி. எழுதியது. கல்கத்தாவில் கடும் சில்லறைத் தட்டுப்பாடு. அஸ்ஸாமின் சில தேயிலைத் தோட்டங்களில் நாணயத்துக்குப் பதில் அட்டைச் சீட்டு. சமஸ்தான அட்டைக் கூப்பன் அறுபது வருஷம் கழித்து, வாஷர் பிளேடாகித் திரும்பியது.

கெஜட் எழுந்தது 2010 டிசம்பர் 20-ஆம் தேதி. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது. அதற்கு முந்தின நாள் வரை வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கறுப்புப் பண வேட்டையில் 500, 1000 நோட்டுகள் செல்லாமல் போனபோது 2016-ல் நாடே வரிசையில் நின்றது. 2011-ல் ஒரு ஈ காக்கை அசையவில்லை. அச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிவிட்ட நாணயத்துக்குச் சாவு அறிவிப்பு மட்டும்தான் பாக்கியிருந்தது.

ஆனால் அந்த அறிவிப்பு அரசாங்கத்தின் எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தமிழ்நாட்டு ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு அரைக் கிலோ சர்க்கரை, கார்டுக்கு அதிகபட்சம் இரண்டு கிலோ, விலை கிலோ 13 ரூபாய் 50 காசு. இரண்டு கிலோ வாங்கினால் 27 ரூபாய், வம்பில்லை. ஒரு கிலோ வாங்கினால் எட்டணா வேண்டும். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ: 20 ரூபாய் 25 காசு. அரசாங்கமே செல்லாது என்று அறிவித்த நாலணாவை அரசாங்கத்தின் விலைப் பலகையே கேட்டது. 2017 நவம்பரில் பெரும்பாலான கார்டுகளுக்குக் கிலோ 25 ரூபாய் ஆகும் வரை ஆறு வருஷம் இப்படித்தான். அந்த நாலணா யார் பையில் தங்கியிருக்கும் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் நம்மூரில் நடந்தது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு வதந்தி. கெஜட்டில் ஒரு வரி இல்லை. ஆனால் பஸ்ஸில் வாங்கவில்லை, டீக்கடையில் வாங்கவில்லை. வெளியிட்டிருக்கும் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. கடைக்காரர் அறிக்கையைப் படிப்பதில்லை. தன்னிடம் வாங்கியதை மொத்த வியாபாரி வாங்குவாரா என்பதுதான் அவர் கேள்வி. மொத்த வியாபாரிக்கும் அதே கேள்வி. நாணயம் செல்வதும் செல்லாமல் போவதும் இந்தச் சங்கிலியில்தான் தீர்மானமாகிறது; சட்டம் பெரும்பாலும் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது.

நாணயம்தான் போயிற்று, பைசா போகவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். பெட்ரோல் பங்க் பலகையில் விலைக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இன்றும் இருக்கிறது. 2024 ஜூனில் தேசியப் பங்குச் சந்தை, 250 ரூபாய்க்குக் கீழ் உள்ள பங்குகளின் விலை நகரும் குறைந்தபட்ச அளவை ஐந்து பைசாவிலிருந்து ஒரு பைசாவாகக் குறைத்தது. ஒற்றைப் பைசா செல்லாது என்று அறிவித்துப் பதின்மூன்று வருஷம் கழித்து, கோடிகள் புரளும் இடத்தில் அது உத்தியோகம் பெற்றுவிட்டது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவு வரியை முழு ரூபாயாக்கச் சொல்கிறது: ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடு. எட்டணாவுக்கு இன்று மிஞ்சியிருக்கும் கௌரவமான வேலை இதுதான்: வரியை மேலே தள்ளுவதா கீழே விடுவதா என்று சொல்லும் எல்லைக்கல்லாக நிற்பது.

அடுத்து யார்? ஒரு ரூபாய் என்றுதான் பலரும் சொல்வார்கள். அதை அச்சிட ஒரு ரூபாய் 11 பைசா ஆகிறது என்று 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் வந்தது. இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை. கனடா தன் ஒரு சென்ட்டை 2012-ல் அச்சிடுவதை நிறுத்தியது. ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்கு, கார்டில் கொடுத்தால் உள்ளபடி கட்டு என்று ஏற்பாடு. அமெரிக்காவில் ஒரு சென்ட் அச்சிட 3.69 சென்ட் ஆகும் நிலை வந்தபின், 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்து நிறுத்தினார்கள். அங்கே அது இன்னும் செல்லும், அச்சுதான் இல்லை. காண்டாமிருகம் 2002-ல் நின்ற அதே இடம்.

நம் ஒரு ரூபாய்க்கு மட்டும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மொய் எழுதும் ஊரில் நூறு எழுதுவதில்லை, நூற்றியொன்று. ஐந்நூறு இல்லை, ஐந்நூற்றியொன்று. கல்யாணக் கவரின் நெற்றியிலேயே ஒரு ரூபாயை ஒட்டி விற்கிறார்கள். மண்டபத்து மேசையில் கல்லாவின் நியாயம் எடுபடாது. அந்த ஒரு ரூபாயை யாரும் திருப்பித் தள்ளியதில்லை. ஆகவே டீக்கடையில் செத்தாலும் மொய்க் கவரில் அது இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்பது என் கணிப்பு.

எட்டணாவுக்கு அப்படி ஒரு சடங்கும் வாய்க்கவில்லை. ஆனால் அதற்கு எதிர்பாராத ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1-ஆம் தேதி சில்லறைப் புழக்கத்துக்கான டிஜிட்டல் ரூபாயைப் பரீட்சார்த்தமாக விட்டபோது, நோட்டும் நாணயமும் இப்போது எந்தெந்த மதிப்பில் வெளியாகின்றனவோ அதே மதிப்புகளில் அதுவும் இருக்கும் என்றது. அந்தக் கணக்கில் ஐம்பது பைசாவும் உள்ளே போய்விட்டது. செல்போன் திரைக்குள் இருக்கும் அந்த எட்டணாவுக்கு அச்சுக்கூலி இல்லை, உருக்கிப் பிளேடு செய்யவும் வழியில்லை. அதை நம்பி அரை ரூபாய்க்கு ஏதாவது விற்க ஆள் வேண்டுமே!

(தொடரும்)